ஸ்கேனில் வெளுத்ததெல்லாம் புற்றல்ல

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 56 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் ஒரு நிழல். சிடியில் 2.6 சென்டிமீட்டர் கட்டி, ஓரம் முள்முள்ளாக. பெட் ஸ்கேனில் எஸ்யுவி, அதாவது கட்டி எவ்வளவு சர்க்கரை இழுக்கிறது என்ற அளவு, 7.4. ரிப்போர்ட்டின் கடைசி வரி ‘லைக்லி மாலிக்னன்ட்’, அநேகமாகப் புற்று என்று. இருமல் இல்லை, எடை குறையவில்லை. பயாப்சி, அதாவது ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பது, செய்தால் பரவிவிடும் என்று மாமா தடுக்கிறார். ‘புற்று இல்லாமலே ஸ்கேனில் இப்படி வருமா டாக்டர்?’ என்று கேட்கிறீர்கள்.

வரும். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் இருபத்து நான்கு வருடமாக என் பிழைப்பு. ‘புற்றுதான்’ என்று மனதுக்குள் முடிவுகட்டி, பயாப்சி ரிசல்ட் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இப்போது கையில் இருக்கும் படங்களை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் இருக்கும் ‘லைக்லி’ என்ற சொல்லை வீட்டில் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். எழுதியவர் தாண்டவில்லை, யோசித்துத்தான் போட்டிருப்பார்.

சிடி மெஷினுக்குப் புற்று என்றால் என்னவென்று தெரியாது. உடம்பின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று ஓர் எண் கொடுக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே அந்த அளவுக்குப் பெயர். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 வாக்கில், எலும்பு பல நூறுகளில். புற்றுக்கட்டி 30, 40, 50 என்று வரும். தசையும் அங்கேதான் வரும். டிபி கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிய உருண்டையும் அங்கேதான் வரும். எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது என்பதால் நாங்கள் வடிவத்தைப் பார்க்கிறோம், ஓரத்தைப் பார்க்கிறோம், பக்கத்து உறுப்பை இழுக்கிறதா என்று பார்க்கிறோம். இதெல்லாம் ஆளின் நடையை வைத்து ஊரைச் சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாக வரும்.

பெட் ஸ்கேன் கொஞ்சம் வேறு. ரேடியோ கதிர் கலந்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்ப்பது. புற்று செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம், அதனால் ஒளிரும். ஆனால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களுக்கும் அதே பசி. காசநோய்க் கிருமியைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் புற்றுக்குச் சமமாகத் தின்னும். எஸ்யுவி 2.5-ஐத் தாண்டினால் சந்தேகப்படு என்று எங்கள் படிப்புக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். காசநோய் நிறைந்த நாட்டில் அந்தக் கோடு பாதி நேரம் பிரயோசனப்படாது. டிபி கட்டியில் 7, 8, அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். ஆக, 7.4 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இணையத்தில் தேடாதீர்கள்.

2014-ல் ஜாமா மருத்துவ இதழில் இதைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. எழுபது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறன் பெட்டுக்கு மற்ற இடங்களில் 77 சதவீதம், நுரையீரல் தொற்று பரவலாக உள்ள இடங்களில் 61 சதவீதம். உலகக் காசநோயில் ஏறக்குறையக் கால்பங்கு இந்தியாவில். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றுப் படுகையில் இதே வேஷத்தை ஹிஸ்டோபிளாஸ்மா என்ற மண்பூஞ்சை போடுகிறது. ஊருக்கு ஒரு வேஷக்காரன். உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நுரையீரலின் மேல்பகுதி அதற்குப் பிடித்த இடம். இருமல், சளி, காய்ச்சல் எதுவுமே இல்லாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் டிபிக்கு டியூபர்குலோமா என்று பெயர். அதன் ஓரமும் முள்முள்ளாக இருக்கலாம், பழைய தழும்பு சுற்றியுள்ள திசுவை இழுப்பதால்.

அதே மேல்பகுதி நுரையீரல் புற்றுக்கும் பிடித்த இடம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ‘அம்மா புகைபிடிக்க மாட்டார்’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். வாழ்நாளில் பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்று நம் பக்கம் அரிதல்ல.

இனி, செலவே இல்லாத ஒரு வேலை. வீட்டில் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று தேடுங்கள். விசா மெடிக்கல், கர்ப்பப்பை ஆபரேஷன், கொரோனாக் காலத்தில் எடுத்த சிடி, எதுவாக இருந்தாலும் சரி. எங்கள் தொழிலில் பழைய படத்துக்கு இணையான பரிசோதனை கிடையாது. திடமான கட்டி ஒன்று இரண்டு வருடம் அளவு மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் சாது. புற்றுக் கட்டி பொதுவாக ஒரு மாதத்திலிருந்து ஒரு வருடம் சொச்சத்துக்குள் பருமனில் இரட்டிப்பாகும். இரட்டிப்பு என்றால் 2.6 சென்டிமீட்டர் 5.2 ஆவது என்று நினைக்காதீர்கள், உருண்டை அல்லவா, குறுக்களவு கால்பங்கு கூடினாலே பருமன் இரண்டு மடங்கு. 

2020 தொடக்கத்தில் ஒரு பெரியவர் வந்தார், திண்டுக்கல் பக்கம். இடது நுரையீரலில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, வீட்டார் அழுத முகத்தோடு. பழைய படம் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லோரும் இல்லை என்றார்கள். பேரன் மட்டும் தயங்கித் தயங்கி, ‘கிரகணம் பார்க்க ஒரு ஃபிலிம் வச்சிருந்தோம்’ என்றான். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் அந்தப் பக்கம் வளையமாகத் தெரிந்ததே, அதற்கு. எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து, அந்தத் திட்டு தனியாகக் கொடுத்தேன். ஆனால் மறுநாள் அவன் கொண்டுவந்த ஃபிலிம், கீறலும் கைரேகையுமாக, 2011-ல் தாத்தாவுக்கு எடுத்தது. அதே இடம், அதே அளவு. எட்டு வருடமாக அசையாத கட்டி. ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவைத்தோம்.

பழைய படம் கிடைக்காவிட்டால் சிடியிலேயே சில தடயம் உண்டு. கட்டியின் நடுவிலோ, முழுக்கவோ, வெங்காயத் தோல் போல அடுக்காகவோ, சோளப்பொரி போலவோ சுண்ணாம்பு படிந்திருந்தால் நிம்மதி. ஓரமாக ஒரு துளி மட்டும் இருந்தால் அது எந்தப் பக்கமும் சேர்த்தியில்லை. கட்டிக்குள் கொழுப்பு தெரிந்தால் அநேகமாக ஹமார்டோமா என்ற சாதுவான கட்டி. உங்கள் ரிப்போர்ட்டில் இவை எதுவும் சொல்லப்படவில்லை. அதனால்தான் ‘லைக்லி’ வந்திருக்கிறது.

அமெரிக்காவில் 53,000 பேரை வைத்து நடந்த நுரையீரல் ஸ்கிரீனிங் ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் குறைந்த கதிர் சிடி ‘சந்தேகம்’ என்று காட்டியவற்றில் 96 சதவீதம் புற்றே இல்லை. இந்த எண்ணை யாராவது உங்களுக்கு ஆறுதலாக அனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் பொட்டுகள். 2.6 சென்டிமீட்டர், முள் ஓரம் என்பது அந்த வரிசையில் நிற்கும் ஆள் இல்லை.

சில வேஷங்கள் சிரிப்பு வரவழைக்கும். பின்னல் சடை தோளில் விழுந்து நுரையீரல் உச்சியில் நிழலாக வரும், சடையை மேலே தூக்கிக் கட்டி மறுபடி எடுத்தால் மாயம். மார்புக் காம்பு உருண்டைக் கட்டி போல விழும், மேலே சின்ன உலோகப் பொட்டு ஒட்டி எடுத்துப் பார்ப்போம். இதயம் பலவீனமானவருக்கு நுரையீரல் மடல்களின் இடுக்கில் நீர் தேங்கி அச்சு அசல் கட்டி மாதிரி நிற்கும், நீர் பிரியும் மாத்திரை கொடுத்து நாலு நாளில் எடுத்தால் ‘கட்டி’ சிறுநீரில் போயிருக்கும். பெட் ஸ்கேனில் ஏசி குளிரில் நடுங்கியவரின் கழுத்துக் கொழுப்பு சர்க்கரையைத் தின்று ஒளிரும். 2021-ல் தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நெறியெல்லாம் ஒளிர்ந்து எங்களைப் படுத்தியது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குக் குடல் முழுக்க ஒளிரும். அம்மாவின் பெட் ரிப்போர்ட்டில் குடலைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் பயப்படுவதற்கு முன் அந்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கவும்.

தலைக்குள் நடந்த வேஷக் கதை நம் வேலூரைச் சேர்ந்தது. எண்பதுகளில் சிடி மெஷின் பரவியபோது, வலிப்பு வந்தவர்களின் மூளையில் ஒரு சின்ன மோதிர வளையம் அடிக்கடி தெரிய ஆரம்பித்தது. மூளையில் மோதிரம் என்றால் புற்று பரவியதாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம். நம் நாட்டில் டிபி என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள், வளையமும் மறைந்தது. மருந்து கேட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. பிறகு பார்த்தால் டிபி மருந்து சாப்பிடாதவர்களுக்கும் மறைகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மூளை அறுவை நிபுணர்கள் அப்படிப்பட்ட சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவைத்தார்கள். உள்ளே இருந்தது பன்றி நாடாப்புழுவின் குஞ்சு, செத்துக்கொண்டிருந்த நிலையில். 1989-ல் லான்செட்டில் எழுதினார்கள். 20 மில்லிமீட்டருக்குள், ஒற்றையாக, மூளையை ஒரு பக்கம் தள்ளாமல், வலிப்பைத் தவிர வேறு தொந்தரவு இல்லாமல் இருந்தால் மண்டையைத் திறக்காமல் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்ற நடைமுறை அதிலிருந்து வளர்ந்தது. பன்றிக்கறி தொடாத வீட்டுக்காரர்கள் ‘எங்களுக்கு எப்படி?’ என்று கோபப்படுவார்கள். அந்தப் புழுவின் முட்டை வருவது கறியிலிருந்து அல்ல, மனிதக் கழிவு கலந்த தண்ணீரும் பச்சைக் காய்கறியும்தான் வழி. 

எத்தனையோ பேரைத் தேவையில்லாத ஆபரேஷனிலிருந்து காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. அதற்கு ஆரம்பம், சிலரிடமிருந்து எடுத்த திசு. படத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் அதை டிபி என்றே எழுதிக்கொண்டிருப்போம்.

வயிற்றில் இதைவிட மோசம். முப்பத்துநாலு வயதுப் பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகள். வயிறு வீங்கி, உள்ளே நீர், சினைப்பை பக்கம் கட்டி, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை தடித்துப் பலகை மாதிரி. ரத்தத்தில் சிஏ-125 ஐந்நூறைத் தாண்டியிருந்தது, 35-க்குள் இருக்க வேண்டியது. ஓர் இடத்தில் சினைப்பைப் புற்று, மூன்றாம் கட்டம், கீமோவுக்குத் தேதி வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஒரு துளி திசுகூட எடுக்காமல். சிஏ-125 என்பது புற்றின் கையெழுத்து அல்ல, வயிற்று உறை எதனால் உறுத்தப்பட்டாலும் ஏறும். டிபியில் ஏறும், கர்ப்பப்பை உள்தோல் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். சின்னத் துளை வழியே லேப்ராஸ்கோப் கேமரா விட்டுப் பார்த்தபோது உறை முழுக்க ரவை தூவியது போல வெள்ளைப் பொட்டு. டிபி. ஆறு மாத மாத்திரை. கீமோ ஏறியிருந்தால் எதிர்ப்புச் சக்தி விழுந்து அந்தக் கிருமி என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மார்பகத்தில் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்று ஒன்று. பிள்ளை பெற்று, பாலூட்டி முடித்த சில வருடங்களில் கல் மாதிரி கட்டி, தோல் இழுப்பு, அக்குளில் நெறி. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் அப்படியே புற்றைப் பாடும். அடிபட்ட இடத்தில் கொழுப்பு செத்து வரும் கட்டியும் அதே ராகம். கணையத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தாமே திரும்பித் தாக்கும் நோய் ஒன்று, வலியில்லாத மஞ்சள் காமாலையோடு கணையத் தலையில் கட்டியாக வரும். ஐஜிஜி4 என்ற ரத்தப் பரிசோதனை துப்பு கொடுக்கும், ஸ்டீராய்டுக்குக் கரையும், தெரியாமல் கணையத்தையே வெட்டி எடுத்த பிறகு தெரிந்த கதைகள் பல நாடுகளில் உண்டு. முதுகெலும்பில் எங்கள் பழைய கைக்கணக்கு, இரண்டு எலும்புக்கு இடையிலுள்ள டிஸ்க் அரிக்கப்பட்டிருந்தால் கிருமி, டிஸ்க் தப்பித்து எலும்பு மட்டும் போயிருந்தால் புற்று. டிபி சில சமயம் டிஸ்க்கை விட்டுவைத்து இந்தக் கணக்கையும் கெடுக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்போ அம்மாவுக்கு டிபியாகத்தான் இருக்கும், மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் பார்ப்போம்’ என்று முடிவு செய்தால், இதை எழுதியதற்கு நான் வருத்தப்படுவேன். நம் ஊரில் இந்தப் பக்கத் தவறுதான் அதிகம் நடக்கிறது. நுரையீரல் புற்று உள்ளவர்களில் கணிசமானவர்கள் சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே டிபி மருந்து சில மாதம் சாப்பிட்டுவிட்டு, கேட்கவில்லை என்ற பிறகுதான் புற்று மருத்துவரிடம் வருகிறார்கள். அறுத்து எடுத்திருக்கக்கூடிய கட்டி அதற்குள் கைமீறியிருக்கும்.

என் கணக்கிலும் ஒன்று உண்டு. அறுபது வயதுக்காரர், இளமையில் டிபி வந்து குணமானவர். நுரையீரல் உச்சியில் தழும்பு. ‘பழைய ஆறிய டிபி’ என்று எழுதி அனுப்பினேன். பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை, அன்றைக்குக் கூட்டம். ஒரு வருடம் கழித்துத் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை வலி என்று வந்தார். தழும்பை ஒட்டியே புற்று வளர்ந்து நரம்பைப் பிடித்திருந்தது. முதல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தழும்பு என்று நான் நினைத்ததில் ஒரு பக்கம் தடிப்பு கூடுதலாகத்தான் இருந்தது. அதிலிருந்து ‘பழையது’ என்ற சொல்லை, பழைய படம் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

ஆகவே பயாப்சி. மாமாவின் பயத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன், முழுக்க ஆதாரமில்லாத பயம் இல்லை. விதைப்பையில் கட்டி என்றால் தோல் வழியே ஊசி போடுவதில்லை. சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் கட்டியைக் குத்துவதில்லை. சிரோசிஸ் வந்த ஈரலில் சில கட்டிகளைப் படத்தை வைத்தே புற்று என்று முடிவு செய்யலாம், ஊசி தேவைப்படாது. நுரையீரல் கட்டி இந்தப் பட்டியலில் இல்லை. ஊசி போன தடத்தில் புற்று முளைப்பது மிக மிக அரிது. நிஜமாக நடக்கக்கூடியது வேறு, நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று சேர்வது. நூறில் பதினைந்து இருபது பேருக்கு நடக்கும், பெரும்பாலும் சில மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தாலே அடங்கும். சிலருக்குக் குழாய் போட வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அறையில் படுத்துக்கொண்டு தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

ஊசி போடும் அன்று ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். எடுக்கும் திசுவில் ஒரு பகுதி ஃபார்மலினில் போக வேண்டும், அது புற்று பார்க்க. இன்னொரு பகுதி வெறும் சலைனில் போக வேண்டும், அது டிபிக்கு ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கிருமி மரபணுப் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்ய. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது, மறுபடி குத்த வேண்டிவரும். பரபரப்பான அறையில் இது சாதாரணமாக விட்டுப்போகிற விஷயம். நீங்கள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

ரிசல்ட் மூன்று விதமாக வரலாம். புற்று என்று வந்தால் அது புற்று. டிபி கிருமி என்று வந்தால் டிபி, ஆனால் மருந்து முடிந்ததும் ஒரு சிடி எடுத்து கட்டி சுருங்கியதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், இரண்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய கேஸ்கள் உண்டு. ஆரம்ப வாரங்களில் டிபி கட்டி கொஞ்சம் பெரிதாகித் தெரியலாம் என்பதால் அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்துக் கலங்க வேண்டாம். மூன்றாவதுதான் வம்பு: ‘நான்-ஸ்பெசிஃபிக் இன்ஃப்ளமேஷன்’, அதாவது காரணம் சொல்ல முடியாத வெறும் அழற்சி. இதைப் பார்த்து இனிப்பு வாங்கிக்கொடுக்கக் கூடாது. ஊசி கட்டியின் நடுவில் போகாமல் பக்கத்து வீக்கத்தில் போயிருக்கலாம். முள் ஓரமும் 2.6 சென்டிமீட்டரும் இருக்கும்போது இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன், மறுபடி எடுக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் அறுத்தே எடுத்துப் பார்க்கச் சொல்வேன். வெறும் ‘கிரானுலோமா’ (எதிர்ப்பு செல்கள் கூடிக் கட்டிய சின்ன உருண்டை) என்று மட்டும் வந்து கிருமி பிடிபடாவிட்டாலும் கேள்வி கேளுங்கள், புற்றின் பக்கத்துத் திசுவிலும் சில சமயம் கிரானுலோமா உருவாகும்.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய படம் தேட இரண்டு மூன்று நாள். பயாப்சி பத்து நாளுக்குள். கண்புரை காத்திருக்கும். அம்மா ஆஸ்பிரினோ ரத்தம் இளக வைக்கும் வேறு மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் தேதி குறிக்கும்போதே ஊசி போடும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.